மூக்கன் தனுஷிகா, பிரதாப் தனுஷிகா

ராகலை
05.03.2025

அப்பாவுக்கு,

மூன்று தடவை போன் எடுத்தேன். மூன்று தடவையும் வெட்டிவிட்டீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தால் வாசித்துவிட்டுக் கிழியுங்கள், இது என்னைப் பற்றியதல்ல, வினோதா அக்காவைப் பற்றியது.

அக்காவுக்கு வயிற்றில் எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது. பிரஷர் ஏறி நிற்கிறதாம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்து போனது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்து போயிருக்கிறாள். கிஷாந்த் மச்சான் லீவையெல்லாம் எடுத்து முடித்துவிட்டார், இனி எடுத்தால் வேலை போய்விடும். அம்மா இருந்திருந்தால் அம்மா போயிருப்பார்கள். அமெரிக்காவுக்கு நான்தான் போக வேண்டும். ஏப்ரல் பதினொன்றாம் தேதிக்கு மச்சான் டிக்கெட் போட்டுவிட்டார்.

விசா இருக்கிறது. அக்கா பட்டம் வாங்கியபோது எனக்கு எடுத்தோமே, அது 2027 கடைசி வரை செல்லும். ஆனால் அது பழைய பாஸ்போர்ட்டில், மூக்கன் தனுஷிகா என்ற பேரில் இருக்கிறது. அந்தப் புத்தகம் உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தீபாவளிக்கு வந்து, என் வீட்டுக்காரர் பேரோடு எடுத்த புதுப் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். "பிரதாப் தனுஷிகா"வென்று சத்தமாக வாசித்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேசியதையும் நான் பேசியதையும் இங்கே எழுத வேண்டாம். வந்த கோபத்தில் பழைய பாஸ்போர்ட்டையும் கல்யாண சர்ட்டிபிகேட்டையும் மேசையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். புத்தி கெட்டவள்.

எம்பசிக்கு எழுதிக் கேட்டோம். பேர் மாறினாலும் அந்த விசா செல்லுமாம். பழைய புத்தகம், புதுப் புத்தகம் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும், பேர் எப்படி மாறியது என்று காட்ட கல்யாண சர்ட்டிபிகேட்டும் வேண்டும். புது விசா எடுத்துக்கொள்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை, கடைசி முடிவு அங்கே போய் இறங்கியதும் நிற்கிற அதிகாரியின் கையில் என்று பதில் வந்தது. புது விசாவுக்கு நேர்முகத்துக்குக் கேட்டால் ஆகஸ்ட் மாதம் தேதி தருகிறார்கள். பிள்ளை ஆகஸ்ட் வரைக்கும் வயிற்றிலேயே இருக்குமா?

தயவுசெய்து அந்த இரண்டையும் அனுப்புங்கள் அப்பா.

தனுஷிகா


வட்டகொடை
10.03.2025

தனுஷிகாவுக்கு அப்பா எழுதுவது,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை வாசித்தேன். வினோதாவை நினைத்து ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டைத் தரமாட்டேன்.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. கோபமும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். தேயிலை ஃபாக்டரியில் ரோலர் மெஷின் பக்கத்தில் நின்று நின்று காது போன மனுஷன் நான். எதற்கு நின்றேன்? என் இரண்டு பிள்ளைகளும் மூக்கன் மகள் என்று தலை நிமிர்ந்து நடக்கட்டும் என்றுதான் நின்றேன். நீ என்ன செய்தாய்? கல்யாணம் முடிந்து வருஷம் திரும்பவில்லை, என் பேரை வழித்துப் போட்டுவிட்டாய். சரி, அது கிடக்கட்டும்.

உனக்கு உன் அத்தை சண்முகவடிவைத் தெரியாது. என் அக்கா. பிறந்த பத்திரத்தில் அவள் சண்முகவடிவு. பதினாலு வயதில் கொழுந்து எடுக்கப் போனபோது, இவ்வளவு நீளப் பேரை யார் எழுதுவது என்று கணக்கப்பிள்ளை தோட்டத்துச் சம்பளப் புத்தகமான செக்ரோலில் வேலாயி என்று போட்டுவிட்டான். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சம்பள நாளில் வேலாயி என்று கூப்பிடுவான், அவள் போய் கைநாட்டு வைப்பாள், அவ்வளவுதான். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டபோது அதிகாரி இரண்டு தாளையும் மேசையில் வைத்துப் பார்த்தார். "இது ரெண்டு பொம்பளைங்க. இதுல நீ யாரு?"ன்னு கேட்டார். அவளுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று எழுதிவிட்டார். நானும் எங்களைப் பெத்த ஐயாவும் இந்தப் பக்கம் தங்கினோம், அவளைத் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றினோம். எனக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

ஒருத்திக்கு இரண்டு பேர் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், உன்னை ஓர் அறையில் உட்கார வைத்து "இதுல நீ யாரு?" என்று கேட்பான். நீ என்ன சொல்வாய்? அக்காளுக்கு உதவப் போகிறேன் என்று போய், அவளுக்கும் உதவாமல் நீயும் மாட்டிக்கொள்வாய். ஒரு பிள்ளை படுக்கையில் கிடக்கிறது. இன்னொரு பிள்ளையையும் நான் தொலைக்க வேண்டுமா?

மூக்கன்


ராகலை
15.03.2025

அப்பா,

அத்தையைப் பற்றி ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை? வாசித்துவிட்டு அழுதேன். பிரதாப் பயந்து போய், "என்னாச்சு, மாமாவுக்கு ஏதாச்சுமா?"ன்னு கேட்டார்.

நான் பேர் மாற்றியது எப்படி என்று ஒரு தடவையும் நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே அச்சு. புது வீட்டுத் திட்டத்தில் எங்களுக்குக் காணித் துண்டு எழுதியபோது, புருஷன் பேரும் மனைவி பேரும் ஒன்றாக இருந்தால் பின்னால் கரைச்சல் வராது என்று அங்கே ஒருவர் சொன்னார். கேட்டுக்கொண்டு அடையாள அட்டையை மாற்றினேன். அட்டையை மாற்றியதும் பாஸ்போர்ட்டும் அதற்கு ஒத்துவர வேண்டும் என்றார்கள், அதையும் மாற்றினேன். பிரதாப் கேட்கவே இல்லை. "எதுக்கு இந்த அலைச்சல்?"ன்னுதான் சொன்னார். அவர் மேல் நீங்கள் கோபப்படுவது பாவம் அப்பா.

ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளிக்கூடத்தில் இடாப்பு வாசிக்கும்போது "மூக்கன் தனுஷிகா" என்று கூப்பிட்டதும் பின் வரிசை வாங்கில் இருக்கிறதுகள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பத்து வருஷம் சிரித்தார்கள். புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. ஒரு நிமிஷந்தான். அதற்குப் பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டேன். தீபாவளிக்கு நீங்கள் "என் பேரு உனக்குக் கேவலமாப் போச்சா?" என்று கேட்டபோது நான் கத்தியது அதனால்தான். நீங்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

என்னை அடிக்க வேண்டுமானால் வந்து அடியுங்கள். ஆனால் அக்கா நேற்று போனில் பேச முடியாமல் விம்மினாள். "நீ வந்திருவதானே, நீ வந்தா எனக்குப் பயமில்ல"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாள். வருவேன் என்று சொல்லிவிட்டேன். இனி உங்கள் கையில்தான் இருக்கிறது.

தனுஷிகா


வட்டகொடை
22.03.2025

மகள் தனுஷிகாவுக்கு,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள் என்று நீ எழுதியது என்னைச் சுட்டது. அப்போதே சொல்லியிருந்தால், வந்து அந்த வாத்தியாரிடம் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேனே.

என் பேரின் கதையை உங்களுக்கு நான் சொல்லவே இல்லை. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு வயது தாண்டாமல் போய்விட்டார்கள். நான் பிறந்ததும் அம்மா என்னைப் பக்கத்து லயத்து வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, மூக்குக் குத்தி, மூக்கன் என்று பேர் வைத்தார்கள். இப்படிச் செய்தால் பிள்ளை தங்கும் என்பார்கள். என் மூக்கில் இருப்பது அம்மைத் தழும்பு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது அந்தத் துளை. எத்தனையோ பேர் சிரித்தார்கள். நான் செத்துப் போகவில்லையே, அதனால் எனக்கு அந்தப் பேர் பிடிக்கும்.

இரண்டு பிள்ளை போன பிறகு மூன்றாவது நின்றது என்று வினோதாவிடம் சொல். நான் நின்றேன் என்று சொல். நீ போ. போய் அவள் பக்கத்தில் இரு.

நேற்று வெள்ளிக்கிழமை இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன். லயத்தில் ஒழுகாத இடம் இல்லை, உன் கல்யாண சர்ட்டிபிகேட்டின் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. இப்படியே அனுப்பினால் மதிக்கமாட்டான் என்று மீராசாஹிப்பின் கொமினிகேஷன் கடையில் கொடுத்து நல்ல தடிப்பாக லேமினேட் பண்ணிவிட்டேன். இனி மழையில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருக்கிற பக்கத்தையும் பண்ணச் சொல்லி அங்கே வேலைக்கு நின்ற பெண்ணிடம் கொடுத்தேன். அவள் மெஷினைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது மீராசாஹிப் பள்ளியிலிருந்து தொழுதுவிட்டு வந்தார். நோன்பு வாயோடு மனுஷன் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். "மூக்கண்ணே! என்னா காரியம் செய்யப் போனீங்க? இத மெஷின்ல வச்சா விசா அத்தோட சரி! புள்ள பிளேன் ஏறுறதில்ல, வீட்டுலதான் இருக்கணும்!" என்று கையில் இருந்து பறித்துக்கொண்டார். எனக்கு வேர்த்துவிட்டது. பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறது, பயப்படாதே. சர்ட்டிபிகேட்டையும் அதையும் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போடுகிறேன்.

அப்பா


ராகலை
26.03.2025

ஐயோ அப்பா!

சர்ட்டிபிகேட் நேற்று வந்தது. பாஸ்போர்ட் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், தபாலை நம்பாமல் வைத்துக்கொண்டுவிட்டீர்கள். அது நல்லதுதான். ஆனால் இந்த லேமினேட்!

லேமினேட் பண்ணினால் எடுக்கமாட்டார்கள் அப்பா. அதற்குள் இருக்கிற சீலையும் கையெழுத்தையும் தொட்டுப் பார்க்க முடியாது, உண்மையா பொய்யா என்று யாருக்குத் தெரியும்? இங்கிலீஷில் மொழிபெயர்த்து வாங்க இன்று லீவு போட்டு ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். அந்த ஐயா ஒரு பார்வை பார்த்தார். "இதுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன் மகள். யாரு இந்த வேலையைப் பார்த்தது?"ன்னு கேட்டார். எங்கப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. கடைக்காரர் என்று சொல்லிவிட்டேன். மீராசாஹிப் காக்கா என்னை மன்னிக்கட்டும்.

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்தத் தாளைத் தடவிப் பார்க்கும்போது திட்ட வரவில்லை. பூஞ்சணத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறீர்கள், தெரிகிறது.

இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. கல்யாணம் உங்கள் பக்கத்தில்தான் பதிந்தது, அதனால் புதுப் பிரதியும் உங்கள் பக்கத்துப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பிரதாப் லொறியோடு தம்புள்ளைக்குப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். நான் வந்தால் பாலர் பாடசாலையில் நான் படிப்பிக்கிற பிள்ளைகளை மறுபடியும் விட்டுவிட்டு வர வேண்டும். நீங்கள் போக முடியுமா? சித்திரை வருஷத்துக்கு ஆபீஸ்களை மூடிவிடுவார்கள். புதுப் பிரதி வந்து, அதை மொழிபெயர்த்து, அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் போனால் அங்கே நான் இரண்டு பெண்கள்தான். நீங்கள் பயந்தது சரியாகிவிடும்.

தனுஷிகா


வட்டகொடை
01.04.2025

மகளுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பையில் பழைய பாஸ்போர்ட்டும் கல்யாண சர்ட்டிபிகேட்டின் புதுப் பிரதி இரண்டும் இருக்கின்றன. மடிக்காமல் அட்டைக்குள் வைத்திருக்கிறேன். தபாலில் போடமாட்டேன், நானே ராகலைக்குக் கொண்டுவருகிறேன். மீராசாஹிப்பை விட்டுப் போன் எடுத்து மாப்பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வரவில்லை என்று கோபிக்காதே. தீபாவளிக்குப் பேசிய பேச்சுக்கு உன் வாசலில் எந்த முகத்தோடு வந்து நிற்பது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன், நாளைக்கு வா என்றார்கள். நாளை என்றால் சனிக்கிழமை! மறந்து சொல்லிவிட்டார்கள், நானும் மறந்து போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். நேற்று நோன்புப் பெருநாள் லீவு. இன்று காலை முதல் ஆளாகப் போய் நின்றேன். கவுன்டரில் இருந்த சிங்களப் பெண் நல்லவள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மகளுக்குப் பயணம், அக்காளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, நான் ஒரு மடையன் தாளைப் பிளாஸ்டிக்கில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, "தாத்தா, எங்க அப்பாவும் என் பிறந்த பத்திரத்தை இப்படித்தான் பண்ணினார்" என்றாள். பெரிய புத்தகத்தை எடுத்து விரித்தாள்.

அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள் மகளே. மணமகன் பிரதாப். மணமகள் தனுஷிகா. அதற்குக் கீழே, மணமகளின் தந்தை மூக்கன். என் கையெழுத்தும் இருந்தது. அன்றைக்குக் கல்யாண அவசரத்தில் எங்கே போட்டேன் என்றே பார்க்கவில்லை.

நான் என்னவோ என் பேரை நீ வழித்துப் போட்டாய் என்று எழுதினேன். அங்கே உன் பழைய பேரையும் புதுப் பேரையும் ஒரே தாளில் சேர்த்து வைத்திருப்பதே என் பேர்தான். என் அக்காவுக்கு இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அவளை அனுப்பியிருக்கமாட்டார்கள். அந்தக் கவுன்டரிலேயே கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

இனி எனக்குப் பயம் பாதிதான். மீதிப் பாதி நீ போய் இறங்கினால்தான் போகும்.

அப்பா


ஹூஸ்டன்
13.04.2025

அப்பா,

இதைக் கையால் எழுதிப் படம் எடுத்துப் பிரதாப்புக்கு அனுப்புகிறேன். அவர் மீராசாஹிப் காக்கா கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்து தருவார். போனில் "வந்து சேர்ந்தேன்" என்று மட்டும் சொன்னேன், முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் உங்களோடு ஒரு சண்டை. ராகலை வரைக்கும் வந்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டீர்களாமே? நான் சோறு வடித்துக் கறி வைத்துக் காத்திருந்தேன். பிரதாப் கையைப் பிடித்து இழுத்தும் நீங்கள் வரவில்லையாம். திரும்பி வந்ததும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கொழும்பு ஏர்போர்ட்டில் கவுன்டர் பெண் இரண்டு பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒரு ஐயாவைக் கூப்பிட்டாள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அரை மணித்தியாலம் ஓரமாக நின்றேன். பின்னால் நின்றவர்கள் எல்லாம் என்னைக் கள்ளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பிறகு சர்ட்டிபிகேட்டை வாசித்துவிட்டு, போங்க என்றார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இங்கே இறங்கியதும் வரிசை. என் முறை வந்தபோது இரண்டு புத்தகத்தையும் ஒன்றாக நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறுப்பினத்து அதிகாரி, மலை மாதிரி ஆள். புதுப் புத்தகத்தைப் பார்த்தார். பழையதைத் திறந்து விசாவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பே இல்லை. நீங்கள் எழுதியதுதான் நினைவுக்கு வந்தது. இப்போது கேட்கப் போகிறார், இதில் நீ யார் என்று.

"மூக்கன் யாரு?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "முதல் புருஷனா?" என்றார்.

பயத்திலும் எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது அப்பா! "ஐயோ இல்லை சார், எங்கப்பா!" என்று கத்தினேன். பக்கத்துக் கவுன்டரில் இருந்தவர்களும் திரும்பினார்கள். எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்கு முதலில் அப்பா பேர்தான், கல்யாணத்துக்குப் பிறகுதான் சிலர் மாற்றுவார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் மொழிபெயர்ப்பை எடுத்து விரலை ஒவ்வொரு வரியாக வைத்து வாசித்தார். மணமகளின் தந்தை என்ற வரியில் விரல் நின்றது. "ஓ, இருக்கிறாரே" என்றார். அப்போதுதான் சிரித்தார். எதற்கு வந்தாய் என்றார், அக்காவுக்குப் பிள்ளை என்றேன். டக்கென்று முத்திரை விழுந்தது.

வெளியில் வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்படி ஒரு நிம்மதி. கிஷாந்த் மச்சான் ஓடி வந்து, "விடமாட்டேன்னுட்டாங்களா?" என்று பதறினார்.

அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். மூன்று நாளாகத் தூங்கவே இல்லையாம். பிரஷர் இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். கை மரத்துப் போனாலும் எடுக்காமல் இடது கையால்தான் இதை எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

உங்கள் தனுஷிகா


வட்டகொடை
21.04.2025

என் மகளுக்கு,

பிள்ளை பிறந்த அன்று போனில் உன்னிடம் ஒரு வார்த்தையும் ஒழுங்காகப் பேசவில்லை. "சரி, சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்று கேட்டதும் வாசலுக்கு ஓடி லயத்துக்கே கத்திச் சொன்னேன். பிள்ளை அழுத சத்தத்தைப் பிரதாப் மாப்பிள்ளை போனில் சத்தமாகப் போட்டுக் காட்டினார். சிறிய பிள்ளை என்றார்கள், சத்தத்தைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. லயத்தில் பாதிப் பேர் வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். எல்லோருக்கும் தேங்காய்ப்பால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை இங்கேதான் இருக்கிறார். உன்னைப் பிளேன் ஏற்றிவிட்டு நேரே பையோடு இங்கே வந்து, "மாமா, தனியா இருந்து யோசிச்சிக்கிட்டிருப்பீங்க, நானும் தனியா இருந்து யோசிச்சிக்கிட்டிருப்பேன், ஒண்ணா இருந்து யோசிப்போம்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ இறங்குகிற நேரம் நெருங்க நெருங்க அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தார். "உள்ளே விட்டுவிட்டார்கள்" என்று உன் செய்தி வந்ததும், அப்படியே சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான்தான் பயந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பையன் என்னை விடப் பயந்திருக்கிறான், வெளியில் காட்டாமல். அவரைக் கட்டிப் பிடித்தேன். ஆறு மாதமாக நான் முகம் கொடுத்துப் பேசாத ஆள்.

உன் கடிதத்தை அவர்தான் வாசித்துக் காட்டினார். முதல் புருஷன் என்று வந்த இடத்தில் அவருக்கு மேலே வாசிக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பாருங்க மாமா, புதுப் பாஸ்போட்டுல என் பேருதான் மொதல்ல கெடக்கு. அந்த ஆபீசர் என்னைப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. உங்களத்தான் யாருன்னு கேட்டிருக்கான்"னு குறைப்பட்டுக்கொண்டார்.

பாவம், அவர் சொல்வதும் நியாயந்தான். ஆனால் எனக்கு அதைக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது, இன்னொரு தடவை அந்த இடத்தை வாசிக்கச் சொன்னேன். நீ எந்தப் பேரில் வேண்டுமானாலும் இரு மகளே. அத்தனை பேருக்கு முன்னால் எங்கப்பா என்று கத்தினாயே, எனக்கு அது போதும்.

உன் அப்பா
மூக்கன்